இங்கே சோறு கிடையாது

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று வார லீவில் வந்த சுந்தரலிங்கத்துக்குத் திங்கட்கிழமை திரும்பவும் பாரிஸ் விமானம். அதற்குள் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை அழகையா அவன் கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டாக வேண்டும்.

வெறும் சாப்பாடு இல்லை அது. எல்கடுவத் தோட்டத்துப் பக்கம் சம்பந்தம் பேசுகிற முறையே அப்படித்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள், முறுக்குக் கடிப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். அதெல்லாம் கணக்கில் வராது. சாப்பிட உட்கார்ந்தால்தான் பேச்சு முடிந்தது. சாப்பிட்டு எழுந்த பிறகு பெண் தரமாட்டேன் என்று சொல்ல எந்த அப்பனுக்கும் வாய் வராது.

அழகையா இரண்டு தடவை வந்தார். முதல் தடவை சுந்தரலிங்கத்தின் அம்மா காத்தாயி சேவல் அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெளியே கதிரையைப் போடச் சொல்லி, பாதி பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "பார்ப்போம்" என்று எழுந்தார். இரண்டாம் தடவை பிளேன்டீயும் கால்வாசிதான் இறங்கியது. அதற்கும் "பார்ப்போம்." நாவுலயில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவனையும் அவர் தன் மகளுக்குப் பார்த்துவைத்திருப்பதாகத் தோட்டமே பேசிக்கொண்டது.

லயம்தான் காரணம் என்று சுந்தரலிங்கம் முடிவு கட்டினான்.

"நம்ம காம்பராவுல அவர் சாப்பிட மாட்டாரும்மா. முப்பது வருஷம் நம்மள பெரட்டுல நிக்க வச்சு பேர் கூப்பிட்ட மனுஷன். டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"டவுனுல யாரு வீட்டுக்குடா?"

"வீடு இல்லம்மா. பிஸ்ட்ரோ."

மாத்தளை டவுனின் நடுவில், பதுர்தீன் முதலாளியின் மசாலாக் கடைக்கு மேல்மாடியில், ஆறு மாதத்துக்கு முன் பிஸ்ட்ரோ என்று ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை திறந்திருந்தார்கள். சண்டை நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. யாழ்ப்பாண ரோட்டில் தடைகளை எடுத்தபிறகு வெள்ளைக்காரர்களின் பஸ்கள் பலாபத்வலயில் மசாலாத் தோட்டம் பார்க்க வரிசையாக நின்றன. அதில் ஒன்றிரண்டாவது டவுனுக்குள் வந்து நிற்கட்டும் என்பது பதுர்தீனின் கணக்கு.

அழகையாவிடம் போய்க் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிரெஞ்சுக் கடையா? நீ கேசட்டுல சொல்லுவியே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதாங்கய்யா."

"அப்ப வர்றேன். பார்ப்போம்."

அந்தக் கேசட் பேச்சு வந்தாலே சுந்தரலிங்கம் வேறு பேச்சுக்குத் தாவுவான். பாரிஸ் போன ஐந்து வருஷமும் அவன் கடிதம் எழுதியதில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அறையில் கூட இருப்பவர்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து ரெக்கார்டரை வாயருகே பிடித்துக்கொண்டு பேசுவான். "அம்மா, கேக்குதா? டேப்பு சுத்துதான்னு தெரியல... சிவப்பு லைட்டு எரியுது, சுத்துதுன்னு நெனைக்கிறேன். நான் நல்லா இருக்கேன். நம்ம பிஸ்ட்ரோ சிட்டிக்கு நட்ட நடுவுல இருக்கும்மா. மேசைக்கு மேசை மெழுகுவத்தி. அஞ்சு மேசை என் பொறுப்பு. வர்றவங்க என்னப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நேத்து ஒரு சூப்பு குடிச்சேன் பாருங்க..."

ஒரு சூப்பும் அவன் குடித்ததில்லை. அவன் அங்கே தட்டுக் கழுவுகிறவன். சாப்பாட்டு அறைப் பக்கம் அவன் போனதே, நாற்காலி தூக்க ஆள் குறைந்த ஒரு நாள்தான். சாப்பாட்டு அறையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்து திரும்பி வருகிற தட்டு சொன்னதுதான். ஆனால் கேசட் வந்தால் காத்தாயி லயம் முழுவதற்கும் போட்டுக் காட்டுவாள். லயம் முழுவதும் கேட்கும்போது தட்டுக் கழுவுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அது முதல் பக்கம். மறுபக்கம் அழகையாவின் மகள், தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் புஷ்பவதிக்கு. காத்தாயி ஒரு தடவைகூட அதைத் திருப்பிப் போட்டதில்லை. "மறுபக்கம் ஒங்களுக்காம் டீச்சர்" என்று முந்தானையில் மூடிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அந்தப் பக்கத்தில் மட்டும் சுந்தரலிங்கம் பொய் சொன்னதில்லை.

*

படிக்கட்டு ஏறும்போதே காத்தாயிக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பித்தளைத் தட்டு. அழகையா கடைசி வாய் விழுங்கியதும் தட்டை மேசையில் வைத்து வெற்றிலை மாற்றிவிட வேண்டும் என்பது தாய்க்கும் மகனுக்கும் பஸ்ஸில் நடந்த பேச்சு.

"அவர் எந்திரிக்கிறதுக்குள்ள வச்சிரணும்மா. 'பார்ப்போம்'னு வாயத் தொறந்தாருன்னா போச்சு."

"நீ அவர திங்க வையி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

மேலே சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்புகள். சுவரில் ஈபிள் கோபுரம், அதற்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. கீழேயிருந்து கராம்பு வாசனை பலகையிடுக்கு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அழகையாவும் புஷ்பவதியும் முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தார்கள். அழகையா கோட் போட்டிருந்தார். அந்தப் பலகையின் முன்னால் நின்று, கண்ணாடியை மாட்டி, பெரட்டில் பேர் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"இங்கே சோறு கிடையாது."

பரிமாறுகிற யாகூப் ஓடிவந்தார். அறுபதை எட்டுகிற மனிதர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு டை.

"குறை நெனைக்க வேணாம். டவுன் ஆக்கள் வந்து இரிந்த ஒடனே சோறு கேக்கிற. மொதலாளிக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. இது பிஸ்ட்ரோ, சோத்துக்கடை இல்லன்னு போர்ட் அடிச்சிட்டார். மேசையில ஒரு பருக்கை கண்டாலும் என்ட வேல போயிடும்."

அழகையா பலகையை இன்னொரு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லதாப் போச்சு. புதுசா ஏதாவது நல்லா திங்கலாம்."

திங்கலாம்! அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சுந்தரலிங்கம் அம்மாவைப் பார்த்தான். காத்தாயி பையைத் தடவிக்கொண்டாள்.

ஆனால் உட்கார்ந்த உடனேயே முதல் அடி. சாப்பாட்டு அட்டையைப் பார்த்த புஷ்பவதி மெல்லச் சொன்னாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

சுந்தரலிங்கத்துக்கு உச்சி மண்டை சுட்டது. நல்ல நாள் என்று பார்த்தானே தவிர, அவள் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுமே தொடுவாள் என்பது நினைவில்லை. ஐந்து வருஷமாக அவனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் தட்டில் மீன் முள் அதிகம் வருகிற நாள், அவ்வளவுதான்.

"நாநா, மரக்கறியா என்ன இருக்கு?" என்று யாகூப்பைக் கேட்டான்.

"கிழங்கு ஈக்குது. கிராத்தான்னு சொல்ற. ஆனா பொய் சொல்ல ஏலா, கோழித் தண்ணி ஊத்தித்தான் ஹவ்வா தாத்தா அவிக்கிற. சூப்பும் கோழித் தண்ணிதான்." தாத்தா என்று அவர் சொன்னது குசினியில் சமைக்கிற அக்காவை.

"அப்ப பாண் மட்டும் குடுங்க எனக்கு" என்றாள் புஷ்பவதி. அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஐயாவுக்கு?" என்றான்.

"நான் வெள்ளி செவ்வாயெல்லாம் பாக்கிறதில்ல. எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லு."

யாகூப் நீளமான ரோஸ் பாண் ரொட்டியை வெட்டிக் கூடையில் வைத்துவிட்டு, வெங்காய சூப்பைக் கொண்டுவந்தார். மேலே சீஸ் உருகி, ஓரமெல்லாம் கருகியிருந்தது. அழகையா கரண்டியால் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, மேல மஞ்சளா தோல் மாதிரி?"

"சீஸ்ங்கய்யா. ஓரத்துல கருகிப் புடிச்சுக்கும். பத்து நிமிஷம் சுடுதண்ணியில ஊற வச்சாத்தான் வரும்."

"எது வரும்?"

"இல்ல... ருசி. ருசி வரும்னு சொன்னேன்."

அழகையா சூப்பைக் குடித்தார். கோப்பையைச் சாய்த்து அடிவரை குடித்தார். லயத்தில் பிளேன்டீயைப் பாதியில் வைத்த அதே மனிதர். சுந்தரலிங்கத்துக்குச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

காத்தாயி தன் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நாத்தமடிக்குதேடா. இதயா அந்தக் கேசட்டுல அப்புடிப் புகழ்ந்த?"

"அம்மா, சும்மா இருங்க."

"நீ அங்க இதக் குடிச்சுட்டுத்தான் இப்புடி வத்திப்போயிட்டியா?"

அடுத்தது கோழியும், ஆளுக்கொரு கிண்ணம் கிழங்கும். கருஞ்சிவப்புக் குழம்பில் இரண்டு பெரிய துண்டு. "கொக் ஓ வான்" என்று யாகூப் குனிந்து அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வைனுல அவிக்கிற சாமான் இது. நாங்க அதப் போடுறேல்ல. சிவப்புக்குக் கொறக்கா ஊற வெச்ச தண்ணி" என்றார்.

"மீனுக்குப் போடுற கொறக்காப் புளியா?" என்று அழகையா கேட்டார்.

"அதேதான். பிரெஞ்சுக்காரனே தின்னுட்டு நல்லா ஈக்குதுன்னு சொன்னான்."

அழகையா கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்தார். தோட்டத்துத் துரை பங்களாவில் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்குப் போன மனிதர், பிடிக்கத் தெரிந்தது. சுந்தரலிங்கம்தான் தடுமாறினான். ஐந்து வருஷத்தில் பல்லாயிரம் கத்தி, முள் அவன் கையால் போயிருக்கும். எல்லாம் கொத்தாகப் போனவை. ஒன்றைப் பிடித்து ஒரு துண்டு வெட்டியதில்லை. கோழிக்கால் வழுக்கி மேசை விரிப்பில் போய் விழுந்தது.

"அஞ்சு மேசை பாத்தவனுக்கு ஒரு கோழி அடங்க மாட்டேங்குதே" என்றார் அழகையா. "சரி, இந்த எலும்ப எங்க போடுறது?"

"தட்டு ஓரத்துலதாங்கய்யா. எலும்ப வழிச்சுப் போட்டுட்டுத்தான் தட்ட அடுக்கணும். இல்லன்னா மேல வைக்கிற தட்டு ஆடும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. புஷ்பவதி பாண் துண்டை வாயில் வைத்தபடி அவனைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். அழகையா மென்றுகொண்டே இருந்தார். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை அது. இலையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

பாதிக் கோழியில் அவருக்கு இருமல் வந்தது. கத்தியையும் முள்ளையும் ஒன்றாகத் தட்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். அவர் இருமி முடிப்பதற்குள் தட்டைக் காணோம்.

"நாநா! அவர் முடிக்கல!" சுந்தரலிங்கம் எழுந்தே விட்டான்.

யாகூப் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கத்தியும் முள்ளும் ஒண்டா வெச்சா முடிஞ்சதுன்னு அர்த்தம். இங்க ரெண்டு மாசம் இருந்து படிச்சுக் குடுத்த பிரெஞ்சு நோனா சொன்னது. கேக்காம எடுக்கணும், கேட்டா மரியாதக் கொறவாம்."

"எனக்குத் தெரியும்ங்க! இருமினாரு, அதுக்கு வச்சாரு!"

"சட்டம் சட்டம்தானே மகன்."

"வாயில இருக்கிறதயும் நோண்டி எடுத்துட்டுப் போங்க" என்றாள் காத்தாயி. "விருந்துக்குக் கூப்பிட்டு எலையப் புடுங்குற ஊர இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

பாதித் தட்டோடு நின்றுவிட்டால் அது சாப்பாடா, இல்லையா? அந்தக் கேள்விக்கே இடம் வைக்கக் கூடாது. சுந்தரலிங்கம் யாகூப்பின் பின்னாலேயே போய், இன்னொரு முழுத் தட்டு கோழி வாங்கிவந்து அழகையாவின் முன்னால் வைத்தான். கூடவே புஷ்பவதி தொடாத கிழங்கையும் நகர்த்தினான். "சாப்பிடுங்கய்யா. ஒண்ணும் மிச்சம் வைக்கக் கூடாது." அவர் மறுக்கவில்லை. கோழியும் போனது, கிழங்கும் போனது. வேர்த்துக்கொண்டே சாப்பிட்டார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

கடைசியாகச் சின்னக் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஒன்று வந்தது. "கிரெம் கரமல்."

காத்தாயி ஒரு விரலால் தொட்டு நக்கினாள். "இது நம்ம வட்டிலப்பம்ல?"

"மேசையில கிரெம் கரமல்" என்றார் யாகூப் ரகசியமாக. "குசினிக்குள்ள வட்டிலப்பம்."

அழகையா அதையும் வழித்துச் சாப்பிட்டார். பெரிதாக ஒரு ஏப்பம். கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். சுந்தரலிங்கம் மேசைக்குக் கீழே அம்மாவின் காலை மிதித்தான்.

காத்தாயி பித்தளைத் தட்டை எடுத்து வைத்தாள். வெற்றிலை கொஞ்சம் வாடியிருந்தது. அவள் தண்ணீர்க் கோப்பையில் விரலை விட்டு அதன்மேல் தெளித்தாள்.

"ஐயா வயிறாரச் சாப்பிட்டாச்சு. எங்க மனசும் நெறஞ்சுபோச்சு. இனி என்ன, வெத்தல மாத்திக்குவோம்."

அழகையா தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"யாரு சாப்பிட்டா?"

"என்னங்க இது! சூப்பு, ரெண்டு தட்டு கோழி, கெழங்கு..."

"தேத்தண்ணி குடிச்சா சாப்பாடா? முறுக்குத் தின்னா சாப்பாடா? இதெல்லாம் அந்தச் சங்கதிதான், கொஞ்சம் பெரிய சைசு." அவர் சாவகாசமாகத் திரும்பிச் சுவர்ப் பலகையைக் காட்டினார். "அங்கயே எழுதிப் போட்டிருக்கான். சோறு கெடையாதுன்னு. சோறு இல்லாம ஒரு சம்பந்தம் நம்ம தோட்டத்துல முடிஞ்சிருக்கா காத்தாயி? நீயே சொல்லு."

காத்தாயி பித்தளைத் தட்டிலிருந்து கையை எடுத்தாள். அவர் சொன்னது முறைதான்.

பலகையை வாசித்ததும் அவருக்கு வந்த சிரிப்பு அதனால்தான். சுந்தரலிங்கத்துக்கு அது இப்போதுதான் விளங்கியது. இந்த மனிதனைச் சோறு கிடையாது என்று எழுதிவைத்த ஒரே கடைக்கு, மாத்தளை டவுன் முழுவதிலும் தேடி, தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ரோட்டுக்கு அந்தப் பக்கமே மூன்று சோத்துக்கடை இருந்தது.

"அப்ப சோறு சாப்பிடுங்க" என்றான். குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி கீச்சென்று வந்தது. "இருங்க. இப்ப கொண்டாரேன். ஒரு நிமிஷம் இருங்க!"

*

குசினியில் ஹவ்வா தாத்தா தரையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரர்களுக்கு வடித்த சோற்றுப் பானை அவள் பக்கத்தில் ஆவி பறந்தது. பருப்பு, பலாப் பிஞ்சில் வைத்த பொலொஸ் கறி, பொரித்த கருவாடு. பாரிஸிலும் இப்படித்தான். முன்னால் ஒரு சாப்பாடு, பின்னால் ஒரு சாப்பாடு.

"தாத்தா, ஒரு தட்டு சோறு."

"அள்ளிக்கோங்க மகன். பானையில ஈக்குது."

"சோத்த வெளிய கொண்டு போகப் போடாது!" யாகூப் கதவை மறித்தார். "ஜும்மா முடிஞ்சுது, மொதலாளி வார நேரம். என்ட பொழப்பு..."

"நாநா, என் வாழ்க்கையே அந்த மேசையில இருக்கு. நகருங்க."

"தட்டு இல்லையே" என்றாள் ஹவ்வா. "கழுவுற புள்ள இன்னைக்கு வரல்ல. பாருங்கோ."

தொட்டி நிறைந்து வெளியே வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் தின்ற தட்டுகள், அதற்கு முன் வந்தவர்கள் தின்ற தட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் போய் மாட்டியிருந்தன, மேசைக்குக் கொண்டுபோகக் கூடிய வெள்ளைத் தட்டுகள். சுந்தரலிங்கம் சட்டைக் கையைச் சுருட்டினான். எலும்பை வழித்தான். சூப்புக் கோப்பைகளை ஒரு பக்கம் சுடுதண்ணியில் அமுக்கினான். மூன்று தட்டை ஒரு கையில் விசிறிபோல் பிடித்து, ஒரே சுற்றில் தேய்த்து, அலசி, சாய்த்தான். ஒரு தட்டுதான் வேண்டும். ஆனால் கை நிற்கவில்லை. கோபம் முழுவதும் கையில் இறங்கியிருந்தது. ஹவ்வா வாயில் வைத்த உருண்டையை விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மகன் இப்படிப் பழகின?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

"பாரிஸ்லதான். வேற எங்க?"

அழகையா கை கழுவ வந்திருந்தார். முள்ளால் தின்றாலும் தின்ற பிறகு கை கழுவாமல் அவரால் இருக்க முடியாது. குழாய் குசினிக்குள்தான். கதவுநிலையில் எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"சீஸ் ஊறணும்னியே, அப்பவே நெனச்சேன்" என்றார். "எலும்ப வழிக்கணும்னியே, அப்ப முடிவு பண்ணிட்டேன். அஞ்சு மேசை இல்ல. இந்தத் தொட்டி."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சுந்தரலிங்கம் அதை நிறுத்தினான். இப்போது மறைக்க எதுவும் இல்லை. மறைக்க எதுவும் இல்லாதபோது அழுகை வரும் என்று நினைத்திருந்தான். வந்தது எரிச்சல்.

"ஆமாங்கய்யா. தொட்டிதான். காலையில பத்து மணிக்கு நிப்பேன், ராத்திரி பன்னெண்டுக்குத் திரும்புவேன். என்ன சொல்லச் சொல்றீங்க? கேசட்ட லயமே கேக்குது. நீங்களும் பின் பக்கமா நின்னு கேப்பீங்களாம். தட்டு கழுவுறேன்னு சொல்லியிருந்தா எங்கம்மா மறுநாள் தலை நிமிர்ந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பாங்களா? ரெண்டு தடவ வந்தீங்க, ஒரு வாய் சாப்பிடல. இன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு சாப்பிடலன்னு சொல்றீங்க. நான் வேற என்னதான் செய்யணும்?"

"தட்டு கழுவுறது தப்புன்னு நான் சொன்னேனா?" அழகையாவின் குரலும் ஏறியது. "பொய்யில பொண்ணு கேட்டியே! கட்டிக் குடுத்துட்டு புள்ள அங்க போய்ப் பாத்து அழுதா யாரக் கேக்கிறது?"

அவர் கை கழுவாமலேயே திரும்பினார். சுந்தரலிங்கம் கழுவிய தட்டில் சோற்றையும் பருப்பையும் பொலொஸையும் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். ஏன் ஓடுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. யாகூப் "மகன், மகன்" என்று அவன் பின்னால்.

"எந்திரி புள்ள" என்றார் அழகையா மேசையருகே. "போவோம். தட்டு கழுவுற வேலையாம். மேசை பாக்கிறேன்னதெல்லாம் கத."

காத்தாயி மகனைப் பார்த்தாள். சட்டையெல்லாம் ஈரம், கையில் சோற்றுத் தட்டு. அவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. "அடப்பாவி" என்றாள். "அதான் கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கா? குளிருன்னு சொன்னியேடா."

புஷ்பவதி எழவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"தட்டு கழுவுறது. முதல் கேசட்லருந்தே தெரியும். மறுபக்கத்துல சொல்லுவாங்க. கை வெடிச்சது, சுடுதண்ணி ஊத்தினது, நாற்காலி தூக்க ஒரு நாள் உள்ள போனது. எல்லாம்."

"தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே. நாவுலக்காரர்கிட்ட என்ன வேலைன்னு நாலு தடவ கேட்டீங்க. இவங்ககிட்ட 'பார்ப்போம்'னு மட்டும்தானே சொன்னீங்க."

அவள் சுந்தரலிங்கத்தின் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"அதுல கருவாடு போட்டிருக்கா?"

"இல்ல" என்றான். "பருப்பும் பொலொஸும்தான்."

"அப்ப வைங்க. எனக்குப் பசிக்குது. காலையிலருந்து ஒரு துண்டு பாண்."

அவன் வைத்தான். கத்தியும் முள்ளும் பக்கத்தில் கிடந்தன. அவள் அவற்றை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்க் கோப்பையில் விரல்களை நனைத்து, சோற்றில் குழி பறித்துப் பருப்பைப் பிசைந்தாள். முதல் வாய் எடுத்தாள்.

அழகையா கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். "புஷ்பம். அத வாயில வச்சா என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"நான் சாப்பிடணும். நீ இல்ல. அதான் முறை."

"போற வீட்டுல காலம்பூரா சாப்பிடப் போறது நான்தானே" என்றாள் அவள், மென்றுகொண்டே. "வேணும்னா நீங்களும் உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

அழகையா சோற்றைப் பார்த்தார். அவர் வயிற்றில் ஒரு கோப்பை சூப்பும் ஒன்றரைத் தட்டு கோழியும் இரண்டு பேர் கிழங்கும் வட்டிலப்பமும் இருந்தன. முகத்தில் அது தெரிந்தது. நினைத்தாலும் அவரால் ஒரு பருக்கை விழுங்க முடியாது. சுந்தரலிங்கம் பல்லைக் கடித்தான். அவனேதான் ஊட்டி ஊட்டி அந்த வயிற்றில் இடமில்லாமல் செய்திருந்தான்.

மரப்படிகளில் சப்பாத்துச் சத்தம். வெள்ளைத் தொப்பியோடு பதுர்தீன் முதலாளி மேலே வந்தார். பலகையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"யாகூப்! என்ன இது? சோறு! மேசையில சோறு! ரெண்டு மணிக்கு வெள்ளக்காரன்ட பஸ் வருது!"

"மொதலாளி, நான் மறிச்சேன், அவர்..."

"எடு! இப்பவே எடு!"

யாகூப் தட்டுக்குக் கையை நீட்டினார். சுந்தரலிங்கம் ஒரு அடி முன்னால் வைத்தான். ஆனால் அவனுக்கு முன்னால் இன்னொரு கை போய்த் தட்டின் விளிம்பில் அழுந்த இறங்கியது.

"கைய எடுங்க நாநா" என்றார் அழகையா. பெரட்டுக் குரல். மாடி முழுவதும் கேட்டது. "புள்ள சாப்பிடுது. சாப்பிடுற தட்டத் தொடக் கூடாது. அது எந்த ஊர்ச் சட்டமா இருந்தாலும் சரி."

"இது பிஸ்ட்ரோ ஐயா..."

"என்னவா வேணாலும் இருக்கட்டும். அது சாப்பிட்டு முடியட்டும்."

பதுர்தீன் ஏதோ சொல்ல வந்து, அந்த முகத்தைப் பார்த்து, சோறு ரோட்டுக்குத் தெரியாமல் இருக்க ஜன்னலை மூடப் போனார். அழகையா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கை தட்டின் விளிம்பை விடவில்லை. யாரையும் பார்க்கவில்லை. காத்தாயி வெற்றிலைத் தட்டை ஒரு விரலால் அவர் பக்கம் ஒரு அங்குலம் தள்ளினாள். அவர் அதையும் பார்க்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

சுந்தரலிங்கம் நின்றுகொண்டே இருந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா? திங்கட்கிழமை விமானம். கேட்கலாமா? கேட்டால் மறுபடி "பார்ப்போம்" என்று வந்துவிடுமோ?

"கொஞ்சம் பருப்பு வேணும்" என்றாள் புஷ்பவதி தலை நிமிராமல்.

அழகையா சுந்தரலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"காது கேக்கலயா? போய்க் கொண்டா" என்றார். "வரும்போது எனக்கும் அரைப் பிடி சோறு. அரைதான். அதுக்கு மேல போச்சுன்னா செத்துருவேன்."